துடைக்காத சந்தனம்

திண்டிவனத்தில் ஒரு வங்கிக் கிளையைப் பல ஆண்டுகளாகப் பெருக்கித் துடைத்துவந்த லூர்துமேரிக்கு, தன் வேலையில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்ற பிடிவாதம் உண்டு. மேலாளர் தேவநாதனோ, குறை காண்பதற்கென்றே மேசையை விரலால் தடவிப் பார்ப்பவர்.

ஆயுதபூசை விடுமுறை முடிந்த காலை, அவள் உள்ளே நுழைந்தபோது இழுப்பறைகள் திறந்து கிடந்தன. தாள்கள் தரையெங்கும் சிதறியிருந்தன. பூசை முடிந்து ஊழியர்கள் விட்டுச்சென்ற கோலம் என்றெண்ணி எல்லாவற்றையும் அடுக்கினாள். மேசை, சன்னல் கம்பி, இரும்புப் பெட்டகத்தின் கைப்பிடி என்று ஒன்றுவிடாமல் ஈரத் துணியால் துடைத்தாள். பெட்டகத்தின் நெற்றியில் அப்பியிருந்த சந்தனப் பொட்டை மட்டும் தொடவில்லை.

தேவநாதன் வந்து பெட்டகத்தைத் திறந்தார். உள்ளே நகைகள் இல்லை, பின்பக்கத்துச் சுவர் தெரிந்தது. பெட்டகத்தை நகர்த்தி, முதுகை அறுத்து, மறுபடி ஒழுங்காகச் சுவரோடு சேர்த்துவைத்துவிட்டுப் போயிருந்தது ஒரு கூட்டம்.

விழுப்புரத்திலிருந்து வந்த கைரேகை ஆய்வாளர் கலைப்பிரியா பொடி தூவித் தூவி ஓய்ந்தார். கிடைத்த ரேகையெல்லாம் லூர்துமேரியுடையது.

"ஏம்மா, திருட்டு நடந்த எடத்தைப் போயி தொடைச்சிக்கினு இருந்திருக்கியே?"

"திருட்டுன்னு எப்படிங்க மேடம் தெரியும்? எங்க ஆபீசு எப்பவும் இப்படித்தான் கெடக்கும்."

தேவநாதன் தொண்டையைச் செருமினார். "அவளை நல்லா விசாரிங்க மேடம். இவ்ளோ சுத்தமா அவ தொடைச்சு நான் ஒரு நாளும் பார்த்ததில்ல."

அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அதை வாங்கிக்கொண்டு சிறைக்குப் போக வேண்டியதுதான் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

பெட்டகத்தை மீண்டும் சுற்றிவந்த ஆய்வாளர் பொட்டின் முன் நின்றார். "இதை ஏன் உட்டுட்டே?"

"அது சாமிக்கு வெச்சதுங்க. நான் மாதா கோயிலுக்குப் போறவ. போன வருசம் தொடைச்சிட்டேன்னு சார் அந்தக் கத்து கத்தினாரு."

பூசையன்று இரவே, பொட்டு காயுமுன், பெட்டகத்தை நகர்த்திய யாரோ ஒருவன் அதில் கட்டைவிரலை அழுத்தியிருந்தான். வரி வரியாகக் காய்ந்து நின்றது. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் சங்கிலி அறுத்து முன்பு அகப்பட்ட ஒருவனுடைய ரேகையோடு அது ஒத்துப்போயிற்று. அவன் வாய் திறந்ததும், பொம்மையார்பாளையத்து விடுதியில் கடற்காற்று வாங்கிக்கொண்டிருந்த கூட்டாளிகள் நகைகளோடு சிக்கினர்.

லூர்துமேரி வேலைக்குத் திரும்பினாள். மேலாளர் அறையில் கோப்புகள் வழக்கம்போல் இறைந்து கிடந்தன. துணியை நனைக்காமல் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"என்ன, நிக்கறே?"

"இது நீங்க போட்டதா, திருடன் போட்டதா சார்? சொல்லிட்டீங்கன்னா தொடைச்சிடறேன்."