கோழிக் காலுக்கு ஒரு வளையம்

ஸரீனாவின் கோழிகளும் அடுத்த வீட்டு ஸம்ஸியாவின் கோழிகளும் ஒரே இடத்தில் குஞ்சாக வாங்கியவை. எல்லாம் ஒரே செம்மண் நிறம். எது யாருடையது என்று தெரியாமல் இருவருக்கும் சிரிப்பும் சினமும் மாறி மாறி வந்தன. கடைசியில் ஸரீனா வலை நூலைத் துண்டு துண்டாக வெட்டித் தன் கோழிகளின் காலில் கட்டிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பேட்டுக் கோழி நொண்டியது. தூக்கிப் பார்த்தாள். கால் பருத்து, நூல் தோலுக்குள் இறங்கியிருந்தது.

"அல்லாஹ், என்ட கையாலதானே கட்டினேன்!"

நூலை மெல்ல வெட்டி எடுத்து, உப்புத் தண்ணீரால் கழுவி மஞ்சள் பூசினாள். வாப்பாவின் ஞாபகம் வந்தது.

எருக்கலம்பிட்டியில் இதே வளவில்தான் வாப்பாவும் கோழி வளர்த்தார். உம்மாவின் பழைய சேலையில் விரல் அகலத்துக்குக் கிழித்த துணிதான் அடையாளம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் ஒவ்வொரு கோழிக்கும் முடிச்சை இளக்கிக் கட்டுவார். மடியில் அமத்திப் பிடிப்பது ஸரீனாவின் வேலை. கோழியின் நெஞ்சு துடிப்பது உள்ளங்கையில் தெரியும்.

தொண்ணூறில், போர்க்காலத்தில், முஸ்லிம்கள் எல்லாரும் ஊரை விட்டு வெளியேற்றப்பட்ட அன்று அவளுக்குப் பதினான்கு வயது. உம்மா எதை எடுப்பது எதை விடுவது என்று தடுமாறிக்கொண்டிருக்க, வாப்பா கூட்டடியில் குந்தியிருந்து துணிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப இது என்னத்துக்கு வாப்பா?"

"குஞ்சுகள் வளரும் மகள். இனி ஆர் இளக்கி விடுறது?"

பல வருடம் கழித்து ஸரீனா ஊர் திரும்பினாள்; வாப்பா திரும்பி வரவில்லை. அகதியாய்ப் போன புத்தளத்திலேயே மௌத்தானார்.

மறுநாள் ஸரீனா மன்னார் ரவுனில் கோழித் தீன் விற்கும் அமிர்தநாயகத்தின் கடைக்குப் போனாள். அவர் கோழிக் காலுக்குப் போடும் சில வளையங்களை மேசையில் பரப்பினார். தகர வளையத்தின் விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்து ஒதுக்கிவிட்டாள்.

"அப்ப இந்தச் சுருள் பிளாஸ்ரிக்கை எடுங்கோ தங்கச்சி. கையால விரிச்சுப் போடலாம், கழட்டலாம்."

"எவ்வளவு இறுக்கமா இருக்கோணும் அண்ணன்?"

"காலில லேசாச் சுத்தோணும், ஆனா பாதத்தால கழண்டு விழக்கூடாது. வளர வளரப் பெரிசா மாத்துங்கோ."

தனக்கு மஞ்சளும் ஸம்ஸியாவுக்கு நீலமும் வாங்கி வந்தாள். பின்னேரம் ஸம்ஸியா கோழிகளைப் பிடித்துக் கொடுக்க, ஸரீனா வளையங்களைப் போட்டாள். போட்டுக்கொண்டே வாப்பாவின் கதையைச் சொன்னாள்.

நொண்டிப் பேட்டுக்கு மட்டும் மற்றக் காலில் போட்டாள். அது இரண்டடி வைத்தது, காலை ஒருமுறை உதறிப் பார்த்தது, பிறகு ஒன்றும் நடவாதது போல மண்ணைக் கிளறத் தொடங்கியது.