தம்பிக்கு மறுத்த பால்

நான் எழுதிப் பழகாதவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்லிவிடுவேன். ஆட்களின் முகம் நினைவிருக்கும், எந்த வருடம் என்பது நினைவிராது. பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவே எனக்கு வெட்கம். ஆனால் போன கிழமை வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் பேனையை எடுத்தேன்.

ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் கட்டடத்தில், எனக்கு அடுத்த கதவில் ஒரு இளம் தாய் இருக்கிறாள். கையில் ஒன்றரை வயதுப் பெடியன், வயிற்றில் அடுத்தது. பெடியனுக்கு வயிற்றோட்டம் என்று டொக்டரிடம் காட்டிவிட்டு வந்தவள், லிஃப்டுக்குள் என்னைக் கண்டு நின்றாள்.

"அன்ரி, தாய்ப்பாலை நிப்பாட்ட வேண்டாமாம். சாப்பாடும் குடுக்கட்டாம், குடிக்கவும் அடிக்கடி குடுக்கட்டாம். மாமி எண்டால் ஃபோனிலை கத்துறா. வயித்திலை பிள்ளையோடை பால் குடுத்தால் நஞ்சாம்."

"டொக்டர் சொன்னபடி செய் பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். நஞ்சு! அந்தச் சொல் கடல் தாண்டி ஸ்காபரோ வரைக்கும் உயிரோடு வந்து சேர்ந்திருக்கிறதே.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் ஆட்சி ஐயாவின், அதாவது எங்கள் அப்பாவின், தமக்கை கையில். நாங்கள் மாமி என்போம். தம்பி நடக்கத் தொடங்கி, நாலைந்து சொல் கதைக்கத் தொடங்கியிருந்தான். ஒரு நாள் காலை அம்மா அவனை மடியில் எடுத்தார். வாய் வைத்தவன் முகத்தைக் கோணிக்கொண்டு வீரிட்டு அழுதான். அம்மாவின் மார்பில் வேப்பெண்ணெய். பூசச் சொன்னது மாமி.

"உன்ரை பால் இனி அவனுக்கு நஞ்சு கண்டியோ. பெடியன் உருகிப் போவான்" என்றார்.

அம்மாவின் வயிற்றில் பிள்ளை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அதெல்லாம் சொல்கிற வழக்கம் அப்போது இல்லை. நேற்று வரைக்கும் பாலாக இருந்தது இன்று எப்படி நஞ்சாகும் என்று கேட்டதற்கு, "உனக்கென்ன உதிலை அலுவல்? போய்க் கோழியைக் கலை" என்றார் மாமி.

தாய்ப்பாலுக்குப் பதிலாகப் போத்தலில் டின் மாவில் மாப்பால் கரைத்தார்கள், தேத்தண்ணியில் தோய்த்த றஸ்க் கொடுத்தார்கள். ஒரு கிழமை போகவில்லை, தம்பிக்கு வயிற்றோட்டம். யாரைக் குற்றம் சொன்னார்கள் தெரியுமா? போத்தலை இல்லை. அதை அலசிய கிணற்றுத் தண்ணீரை இல்லை. "முந்திக் குடிச்ச பாலின்ரை நஞ்சு இப்பதான் இறங்குது" என்றார் மாமி. அதோடு சோற்றையும் நிறுத்தினார்கள். ஓடுகிற வயிற்றுக்கு ஒன்றும் போடக்கூடாதாம். காயவிட்டால் தானாக நிற்குமாம். தண்ணீருக்கும் தடை. மாதுளங்கோது, அதுதான் மாதுளம்பழத் தோல், அவித்த கசாயம், அதுவும் சங்கால் ஒரு வாய். பரியாரியார் வந்து நாடி பிடித்துப் பார்த்து, மாமி சொல்வதுதான் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். ஐயா தமக்கையின் முகத்தைப் பார்த்தார், சைக்கிளை எடுத்தார், போய்விட்டார்.

மற்றவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள்! மீன் குழம்பும் சோறும். எழும்பி நடந்த பிள்ளை, தெம்பில்லாமல் குசினி வாசலுக்குத் தவழ்ந்து வந்து, மாமியின் சோற்றுக் கோப்பையைப் பார்த்து வாயைத் திறந்தான்.

"கண் வைக்கிறான், தூக்கிக்கொண்டு போடி" என்றார் மாமி என்னிடம்.

பசித்த குழந்தை சோற்றைப் பார்த்தால் அதற்குப் பெயர் கண் வைப்பது! எழுதும்போது இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவன் கண் குழி விழுந்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை. பால் கேட்டு, "பாச்சி" என்பதைச் சத்தமில்லாமல் உதட்டால் மட்டும் சொன்னான். இவன் சாகப்போகிறான், அம்மா பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்பதுதான் எனக்கு விளங்கியது. அம்மாவில் வந்த கோபம் மாமியில்கூட எனக்கு வரவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மாமி விறாந்தையில் குறட்டை விடும் நேரம். உள்ளே அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். நான் பழைய சேலைத் துண்டு ஒன்றில் சவர்க்காரம் தேய்த்து, நனைத்துக்கொண்டு வந்து, அம்மாவின் சட்டையை மெல்ல விலக்கித் துடைத்தேன். மணம் போகவில்லை. திரும்பவும் துடைத்தேன். பிறகு தம்பியைத் தூக்கி வந்து பக்கத்தில் கிடத்தினேன். அவன் மணந்து பார்த்துப் பின்வாங்கினான். அடிபட்ட பிள்ளை அல்லவா. கொஞ்ச நேரத்தில் எட்டிப் பிடித்துக்கொண்டான். அம்மா அசையவில்லை. நான் வாசலில் குந்தியிருந்து மாமியின் குறட்டையைக் காவல் காத்தேன்.

மாமி காலையில் பூசுவிப்பார், மத்தியானம் நான் துடைப்பேன். தம்பி மெல்ல மெல்லத் தெளிந்தான். மூத்திரம் போனான். சோறு கேட்டு அடம் பிடித்தான்.

"காயவிட்டால் நிக்கும் எண்டு சொன்னனான் தானே!" என்று மாமி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பரியாரியார் வீட்டுக்கு வாழைக்குலை போனது. அம்மா மா இடித்துக்கொண்டிருந்தார். அயலில் அப்படிக் காயவிட்டு, நிற்காமலே போன பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பற்றிக் கேட்டால் விதி என்பார்கள். பிழைத்தால் மாமியின் கெட்டித்தனம், செத்தால் விதி. நல்ல நியாயம்!

நான் அம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். இரண்டாம் நாள் துணி தேடி உள்ளே போனபோது, அம்மாவின் பாயருகில் சவர்க்காரம் போட்டு நனைத்துப் பிழிந்த துணி ஒன்று கிடந்தது. நேற்று நான்தான் விட்டுவிட்டுப் போனேனாக்கும் என்று நினைத்து எடுத்தேன். பல் முளைத்த பிள்ளை கடித்துக் குடிக்கும்போது எந்தத் தாய்க்கு நித்திரை வரும் என்று யோசிக்க எனக்கு அப்போது வயது போதாது.

தம்பிக்கு எத்தனை மாதம், பூசியது வேப்பெண்ணெயா கற்றாழையா என்பதில் எனக்குப் பிழை வந்திருக்கலாம். இங்கே பக்கத்து ஊர் அஜக்ஸில் இருக்கும் தங்கச்சியைக் கேட்டால், "நான் அப்ப அம்மாவின்ரை வயித்துக்கை இருந்தனான் அக்கா, என்னைக் கேட்டால்?" என்று சிரிக்கிறாள். அந்தக் காலத்து ஆட்கள் யாராவது இதை வாசித்தால், பார்த்துத் திருத்திவிடுங்கள். அம்மாவின் பாயருகில் இரண்டாம் நாள் கிடந்த அந்தத் துணி ஈரமாக இருந்தது மட்டும் எனக்கு நல்ல நிச்சயம்.