வேல் வைத்த போர்க்கப்பல்

மிளகாய் பஜ்ஜியின் எண்ணெய் ஊறிய பழைய தாளுக்கென்று ஒரு வாசம் உண்டு. பூஞ்சணமும் கடலை மாவும் கலந்த அந்த வாசம் எங்கிருந்தாவது வந்து மூக்கில் பட்டால், மற்றவர்களுக்குப் பசி எடுக்குமோ என்னவோ, எனக்குப் புகைபோக்கி வைத்த ஒரு போர்க்கப்பல்தான் கண்முன்னால் வந்து நிற்கும்.

எழுபதுகளில் அப்பா ஏற்காடு ஏரிக்கரையில் பஜ்ஜிக் கடை போட்டிருந்தார். யாரோ எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது கழித்துப் போட்ட இங்கிலீஷ் புத்தகங்களை எடைக்கு வாங்கி வந்து, மடித்துக் கொடுக்கத் தாளாகுமென்று அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். அதில் தடியாக இருந்த ஒன்று முழுக்கவும் போர்க்கப்பல்கள். போன நூற்றாண்டு பிறந்த புதிதில் நிலக்கரி எரித்து ஓடியவை. ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டில் ஒரு படம், மேலிருந்து பார்த்தாற்போல் ஒரு படம், கீழே எண்கள். எட்டாவதோடு நின்றுபோன எனக்கு அந்த எழுத்து அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்காது. ஆனால் ஒரு கப்பலை இன்னொரு கப்பலோடு வைத்துப் பார்க்கப் பார்க்க, நீளம் எது, எடை எது, பீரங்கி எது, இரும்புக் கவசத்தின் கனம் எது என்று மெல்லப் பிடிபட்டது. அப்புறம் இருக்கிற கப்பலைப் பார்த்து வரைவது அலுத்துப்போய், எந்த நாடும் கட்டாத கப்பல்களை நானே வரையத் தொடங்கினேன்.

வாழவந்தியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிப் படித்த மாமன் மகன் முருகேசனும் சேர்ந்துகொண்டான். எங்கள் கப்பற்படைக்குச் சேர்வராய நாட்டுப் படை என்று பெயர் வைத்தோம். மலை நாட்டுக்குக் கடல் ஏது என்ற கேள்வியை இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு சட்டத்தில் நான் கறாராக இருந்தேன்: அந்தப் புத்தகத்தின் காலத்தில் இல்லாத எதுவும் கப்பலில் இருக்கக் கூடாது. முருகேசன் ரேடியோவில் கேட்ட ஏவுகணையெல்லாம் வைக்கப் பார்ப்பான்; நான் அழிரப்பரை எடுத்துவிடுவேன். பீரங்கியைக் கூட்டினால் கவசத்தைக் குறைக்க வேண்டும், கவசத்தைக் கூட்டினால் வேகம் போய்விடும், வேகம் வேண்டுமென்றால் நிலக்கரிக்கு இடம் விட வேண்டும். இப்படி ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற கணக்குதான் எனக்குப் பிடித்திருந்தது. அவன் கப்பலில் கால் வைக்க இடமில்லாமல் பீரங்கியாக நிற்கும். மலைக்கு வருகிற கடைசி பஸ்ஸில் டாப்பு வரைக்கும் ஆள் தொற்றிக்கொண்டு வருவார்களே, அந்த மாதிரி.

பங்குனி பிறந்ததும் ஒருநாள் கடைக்குப் போனால், முன்பக்கத்துக் கப்பல்கள் பஜ்ஜியோடு போய்விட்டிருந்தன. மற்ற புத்தகமெல்லாம் ஏற்கெனவே தீர்ந்து, இதிலும் பாதிக்கும் குறைவாகத்தான் மிச்சம். நான் அழுது தீர்த்தேன். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. சீசன் வருகிறது, தாள் இல்லாமல் யாவாரம் எப்படி நடக்கும் என்று கேட்டார். மாவைக் கரைத்துக்கொண்டே, "படத்துல எதைய வேணா போடலாம் கண்ணு. தண்ணியில நிக்கோணுமல்லொ?" என்றார். நான் போட்ட கப்பல் ஒன்றைச் செய்து ஏரியில் விட வேண்டும். நிமிர்ந்து நின்றால் மிச்சப் புத்தகம் எனக்கு, சாய்ந்தால் சீசனுக்கு. அதுதான் பேச்சு.

காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் முள்முருங்கை மரம் நல்ல லேசு. அதில் ஒரு கட்டையைக் குடைந்து கப்பலாக்கினோம். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக் கவசம், ஒடிந்த குடைக் கம்பியில் பீரங்கி, மூங்கில் துண்டில் புகைபோக்கி. எல்லாம் முடிந்த பிறகு அம்மா ஒன்று சொன்னார். சண்டைக் கப்பல் விளையாட்டே அவருக்குப் பிடிக்காது. சாமி கும்பிடுகிற வீட்டில் ஆளைக் கொல்கிற கப்பல் எதற்கு என்பார். முருகன் கையில் வேல் இருக்கிறதே என்று நான் மல்லுக்கு நிற்பேன். அன்றைக்கு அந்த வேலையே பூசை மாடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். பீடத்தோடு கூடிய சின்னப் பித்தளை வேல், அளவுக்கு மீறிய கனம். சாமி இல்லாமல் தண்ணீரில் இறக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. நானும் அதை விபூதியைப்போல் பயபக்தியோடு வாங்கிக்கொண்டேன்.

எங்கே வைப்பது என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மலையில் வளர்ந்தவளுக்குச் சாமியின் இடம் உச்சிதான். எங்கள் மலைச்சாமி சேர்வராயன் இருப்பது உச்சியில். மேலே ஏறித்தான் அவரைப் பார்த்திருக்கிறேன். கப்பலிலும் ஆக உயரமான இடத்தில், கேப்டன் நிற்கும் மேடைக்கும் மேலே, வேலை நிறுத்திக் கம்பியால் கட்டினேன். கற்பூரம் காட்டி ஏரியில் இறக்கியதும், கப்பல் நின்று யோசித்துப் பார்த்துவிட்டு நிதானமாகக் குப்புறக் கவிழ்ந்தது. படகு தள்ளும் அண்ணன் ஒருவர் துடுப்பால் அதைக் கரைக்கு ஒதுக்கிவிட்டு, "ஏனுங்க கேப்டனம்மா, இது நீர்மூழ்கிங்களா?" என்று கேட்டார். கரையே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை; கடைக்குத் திரும்பிப் போய்ப் புத்தகத்தைக் கிழிக்க வாகாக அடுப்புக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தார். இன்னும் ஒரே ஒரு தரம் என்று கெஞ்சினேன். நாளைக்குக் காலையில், அதோடு சரி என்றார்.

"வேலை எடுத்துரு புள்ள. தானா நிக்கும்" என்றான் முருகேசன்.

அவன் சொன்னது சரிதான். எடுத்துவிட்டால் நின்றுவிடும், அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் சாமியை இறக்கிவிட்டு ஜெயிக்கிற ஜெயம் எனக்கு வேண்டாமென்று இருந்தது. கனத்தை உச்சியில் வைத்ததுதான் தப்பு. அதே கனம் அடியில் இருந்தால் அதுவே கப்பலைப் பிடித்து நிறுத்தும். படகுக்காரர்கள் ஆள் எழுந்து நின்றால் திட்டுவதும், உட்கார்ந்தால் படகு அடங்குவதும் நாளும் பார்த்ததுதானே. வேலை அடித்தட்டில் படுக்க வைக்கலாம் என்றேன். முருகேசன் காதைப் பொத்திக்கொண்டான். மேலே சிப்பாய்கள் நடப்பார்கள், காலுக்குக் கீழே சாமியா, கண் போய்விடும் என்றான்.

எனக்கும் உண்மையாகவே பயமாக இருந்தது. விளக்கு வைத்த நேரத்தில் அம்மாவிடமே போய்க் கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே சேர்வராயன் கோயில் மனதுக்குள் வந்தது. உச்சியில் இருக்கிறார் என்கிறோமே தவிர, அவர் இருப்பது குகைக்குள். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அவருக்கு மேலே பாறை, பாறைக்கு மேலே திருவிழா நாளில் ஊர் சனமே நடக்கிறது. அதைச் சொன்னேன். அம்மா திரியைத் தூண்டிவிட்டு, "தாங்கறவரு கீழ நின்னுதான கண்ணு தாங்கோணும்" என்றார். அவ்வளவுதான்.

காலையில் கப்பலின் வயிற்றைக் குடைந்து, மஞ்சள் துணியில் சுற்றிய வேலை உள்ளே கிடத்தி, மெழுகு வைத்து அடைத்து ஏரியில் விட்டேன். முன்னைவிட ஆழமாக உட்கார்ந்தது. படகுக்கார அண்ணன் வேண்டுமென்றே துடுப்பை ஓங்கி அடித்தார். அலை வந்து மோத, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. போன அளவுக்குப் போய்விட்டு, மெதுவாக நிமிர்ந்து, இந்தப் பக்கம் கொஞ்சம் ஆடி, நின்றது. அப்பா ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த சீசன் பூராவும் எங்கள் கடையில் பஜ்ஜி வாழை இலைக் கிழிசலில்தான்.

இப்போது ஏரிக்கரையில் அந்தக் கடை இல்லை. அந்த இடம் எதுவென்று அடையாளம் காட்டவும் முடியவில்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. புத்தகம் மலை ஈரத்தில் ஊறி ஊறித் தொட்டால் உதிர்கிற நிலைக்கு வந்து, ஒருநாள் அதுவும் போயிற்று. அந்தப் படத்துக் கப்பல்களையும் எந்தக் கடலிலும் யாரும் ஓட்டுவதில்லையாம். முருகேசன் பேரன் பேத்தி எடுத்துவிட்டான். கண்டால் "கேப்டனம்மா" என்பான்.

நான் மட்டும் விட்டபாடில்லை. பூசையும் சமையலும் முடிந்த மத்தியானங்களில் இன்றும் வரைகிறேன், அதே சட்டத்தோடு. போன வருசம்தான் முதல்முறையாகத் திருச்செந்தூர் போனேன். எல்லோரும் முங்கி எழும்போது நான் கரையில் நின்று அலையின் உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருசமாக ஏரித் தண்ணீரை மனதில் வைத்து, என் கப்பல்களின் முகப்பையெல்லாம் கடல் அலை ஏறிவிடும்படி தாழ்வாகவே போட்டுவிட்டேன் என்பது அங்கேதான் தெரிந்தது. சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்து, பழைய படங்களை எடுத்து ஒவ்வொன்றாக முகப்பை உயர்த்திக்கொண்டிருக்கிறேன். முன்னால் உயர்த்தினால் கனம் கூடும். அதை எங்கே குறைப்பது என்றுதான் இன்றைய மத்தியானம் போகிறது.