சிங்களத்தில் எனக்கு ஏச வராது

மூன்று வயது முடிந்தும் என் மகன் ஒரு சொல் பேசவில்லை. காதைச் சோதித்தார்கள், குறையில்லை. இரண்டு பாஷை கேட்டுக் குழம்பிவிட்டான், ஒன்றை விடுங்கள் என்றார் நர்சரி டீச்சர். நர்சரியில் சிங்களம் என்பதால் வீட்டில் தமிழை விட்டோம். எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தைக்கும் பஸ்ஸுக்கும்தான் காணும். வா, சாப்பிடு, தூங்கு. அதை வைத்தே ஒரு வருஷம் பிள்ளை வளர்த்தேன்.

போன மாதம் தெல்தோட்டையிலிருந்து பஸ் ஏறி, கண்டி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கிளினிக்குக்கு அவனைக் கொண்டுபோனேன். மருந்து தருவார்கள் என்று நினைத்தேன். அங்கிருந்த மிஸ் யாழ்ப்பாணத்துப் பெண். பாயை விரித்து விளையாட்டுச் சாமான்களைக் கொட்டினார்.

"பிள்ளையோட விளையாடுங்கோ அம்மா. நான் பாக்கிறன்."

"நான் விளையாடவா மிஸ் வேலைய விட்டுட்டு வந்தேன்?"

"ஓம். வீட்டில கதைக்கிற மாதிரியே கதையுங்கோ."

சிங்களத்தில் இரண்டு சொல் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. மிஸ் காரணம் கேட்டார், சொன்னேன்.

"ரெண்டு பாஷை கேட்டாப் பேச்சுப் பிந்தாது. எத்தினையோ பிள்ளையளில ஆராய்ஞ்சு பாத்த விஷயம். நீங்கள் தமிழிலயே கதையுங்கோ."

"அப்ப நான் வாய மூடிக்கிட்டு இருந்ததுனாலதான் இவன் பேசலயா?"

"அதாலதான் எண்டும் சொல்லேலாது அம்மா."

ஒருத்தர் பேசாதே என்கிறார், ஒருத்தர் பேசு என்கிறார், காரணம் மட்டும் யாருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து மகன் பிளாஸ்டிக் மாட்டைத் தூக்கி என் தேத்தண்ணிப் போத்தலுக்குள் திணித்தான்.

"அடேய், மாடு ஒங்கிட்டத் தேத்தண்ணி கேட்டுச்சா? சீனி போட்டியா? எருமப் பயலே, எவன்டா இனி இதக் குடிக்கிறது?"

அவன் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தான். அப்படி அவன் என்னைப் பார்த்து எவ்வளவு காலம் என்று தெரியவில்லை. மிஸ் சிரித்தார்.

"நிப்பாட்டாதேங்கோ. கோவம் மட்டும் வேண்டாம்."

கோபம் இல்லாமல் எப்படி ஏசுவது என்று அவர் சொல்லித் தரவில்லை. அடுத்த மாதம் வரச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் டிரைவரை ஏசினேன், மழையை ஏசினேன், மாட்டையும் விடவில்லை. களைத்துப்போய் நிறுத்தினேன். மகன் கையை நீட்டி என் வாயைத் தட்டினான். அவன் வாயிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. இதுதான் வைத்தியமா என்றும் எனக்கு விளங்கவில்லை. மாட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன்.