பத்தில் மூன்று நாள்

பெரம்பலூரில் என் வேலையைச் சொன்னால் சிரிப்பார்கள். "இங்க மழை எப்ப வரும்னு சொல்ல ஆளக் காணோம், நீ இமயமலைக்குப் போயி பனிக்கு ஜோசியம் பாக்குறியா?" என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்பார்கள். ஜோசியமாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. ஜோசியக்காரன் ரோட்டை மூடு என்றால் மூடுவார்கள்.

மலை நெடுஞ்சாலையில் இன்று பனி சரியுமா என்று கணிப்பது எங்கள் ஆபீஸ் வேலை. நான் புள்ளியியல் படித்தவன். காற்று, குளிர், புதுப்பனியின் உயரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டால், பழைய பதிவுகளிலிருந்து இன்றைய நாளைப் போன்ற பத்து நாட்களை அது எடுத்துக் கொடுக்கும். அந்தப் பத்தில் எத்தனை நாள் பனி சரிந்தது என்று நான் சொல்வேன். சாலையைத் திறப்பதும் மூடுவதும் அதிகாரியின் இஷ்டம்.

அக்காவின் கணவர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் புல்டோசர் ஓட்டியவர். சாலையில் பனி தள்ளும் ஒப்பந்தக்காரர் கூடுதல் சம்பளம் தருகிறார் என்று மாமாவும் அங்கேயே வந்து சேர்ந்தார். அவர்கள் ஊரான விக்கிரமங்கலத்தில் அக்கா பயந்துகொண்டே இருந்தாள். "நம்ம மாப்ள ஆபீஸ்லயே இருக்காப்ல, எனக்கு என்னா வந்துடப் போவுது" என்று போனில் அவளுக்குத் தைரியம் சொல்வார்.

ஒரு நாள் பத்தில் ஏழு என்றேன். சாலையை மூடினார்கள். ஒரு கைப்பிடி பனிகூடச் சரியவில்லை. லாரிகள் வரிசை கட்டி நின்றன, மேலிடத்திலிருந்து போன் வந்தது, அதிகாரி எல்லோர் முன்னாலும் என்னைக் காய்ச்சி எடுத்தார். அடுத்த வாரம் பத்தில் மூன்று. அப்போதும் மூடச் சொன்னேன். "மீதி ஏழு நாள் ஒன்றும் ஆகவில்லையே, திற" என்றார். மதியத்துக்குள் மாமா புல்டோசரோடு பனிக்குள் புதைந்துபோனார்.

விசாரணைக்கு வந்தவர்களிடம், ஆபத்தில்லை என்றுதான் கணிப்பு சொன்னது என்றார் அதிகாரி. கூசாமல் சொன்னார்.

மாமாவின் உடல் இருந்த பெட்டியோடு சென்னை வரை விமானம், அப்புறம் வேனில் பெரம்பலூர் வழியாக விக்கிரமங்கலம். எடுத்து முடித்த பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"பத்துல மூணுன்னு வந்துச்சுக்கா. மூடத்தான் சொன்னேன்."

"மூணுன்னா வருமா, வராதா?"

எழுந்து வெளியே போய்விட்டேன்.

மறு குளிர்காலத்தில் அதே போல ஒரு நாள் வந்தது. கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்த பத்து நாட்களில் மாமா செத்த நாளும் இருந்தது. இப்போது பத்தில் நான்கு. கம்ப்யூட்டருக்கு அவர் கூடுதலாக ஒரு சரிவு, அவ்வளவுதான். மூடச் சொன்னேன். அதிகாரி திறந்தார். எதுவும் நடக்கவில்லை. சாயங்காலம் என் தோளில் தட்டி, "பார்த்தாயா?" என்று சிரித்தார். அந்தக் கையை முறிக்கலாம் போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அரியலூரில் காசு போடும் போன் பூத்திலிருந்து அக்கா போன் செய்தாள். மாமா போன பிறகும் பனிக்காலம் முழுக்க அவள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்ததில்லை.

"இன்னைக்கி ரோட்டத் தொறந்தாங்களா?"

"தொறந்தாங்க. ஒண்ணும் ஆவலக்கா."

"அப்ப ஒங்க மாமா போன அன்னைக்கி மட்டும் ஏன்டா?" என்று கேட்டு அழுதாள்.

காசு தீர்ந்து லைன் அறுந்தது. நான் உள்ளே போய், கம்ப்யூட்டர் பதிவில் அன்றைய நாளுக்கு நேராக 'சரியவில்லை' என்று பதிந்தேன்.