முப்பத்தொன்பது வீடுகள்

வஹீதா ஓரிடத்தில் உட்கார்ந்து படித்து யாரும் பார்த்ததில்லை. கஃப்ஸா நகரை அடுத்த சுரங்க ஊரில் பாஸ்பேட் லாரி ஓட்டுநரின் நான்காவது மகள். பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு. தேச வளர்ச்சி பற்றி சூஸ் நகரில் நடந்த மாணவர் பொருளாதார மாநாட்டுக்கு அவள் கல்லூரியிலிருந்து தேர்வானது அவள் கட்டுரை ஒன்றுதான். அதன் சாரம் ஒரே வரி: குழாயில் தண்ணீர் வராத வீடு மாதம் மூன்று நாள் வேலையை இழக்கிறது. அந்த வரிக்காக அவளும் மாமா மகன் லம்ஜதும் குளிர்காலம் முழுக்க நூற்றிருபது வீடுகளைப் பங்கு போட்டுக்கொண்டு கேள்விப் படிவங்களுடன் அலைந்திருந்தார்கள்.

விடியற்காலையில் இருவரும் வேனில் ஏறினார்கள். கைரவான் நகரைத் தாண்டியதும் லம்ஜத் அவள் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணு சொல்லணும். வேனுக்குள்ள கத்தக் கூடாது."

"கடல் பார்க்கணும்னு ஒட்டிக்கிட்டு வந்தவனுக்கு இப்ப என்ன?"

"மேல் தெரு அறுபதுல நாப்பது வீடு எனக்குக் குடுத்தியே, அங்க நான் போகலை. ஒரே மழை, சேறு. காபிக் கடையில உட்கார்ந்து நானே நிரப்பிட்டேன்."

"நாப்பதுமா?"

"முப்பத்தொம்பது. ஒண்ணு சித்தி வீடு. அங்க சாப்பிடப் போயிருந்தேன்."

ஆலிவ் தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. அவனை இறக்கிவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

"இதை ஏன்டா இன்னிக்குச் சொல்றே?"

"நேத்து நீ பேசிப் பழகுனதைக் கேட்டேன். என் பொய்யை அவ்வளவு நம்பிக்கையாச் சொல்றே. கேட்டுக்கிட்டு இருக்க முடியலை."

மாநாடு நடந்த ஓட்டலில் கோட்டுப் போட்ட மாணவர்கள் கழுத்தில் அட்டையுடன் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் முறை மூன்று மணிக்கு. வஹீதா தாழ்வாரத்துக் கோடியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அந்த முப்பத்தொன்பதையும் நீக்கினாள். குழாய்த் தண்ணீர் வராத மேல் தெருவில், அவளே போன இருபதும் சித்தி வீடுமாக மிஞ்சியது இருபத்தொரு வீடு. மூன்று நாள் ஒன்றரை ஆகிவிட்டது. இருபத்தொரு வீட்டை வைத்து அதையும் அடித்துச் சொல்ல முடியாது.

"பழசையே சொல்லிடு," என்றான் லம்ஜத். "தண்ணி வரலைங்கறது பொய்யா? உங்க அம்மா குடம் தூக்கலையா?"

"தூக்குறாங்க. எத்தனை நாள் போகுதுங்கறதுதானே என் கட்டுரை."

மதியச் சாப்பாட்டுக்கு மீன் வைத்தார்கள். அவள் தட்டை எடுத்தாள், வைத்தாள், தாழ்வாரத்தில் நடந்தாள். மேடையேறும்வரை எந்த எண்ணைச் சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. திரையில் பழைய மூன்று வந்து நின்றது. "இது தப்பு," என்றாள். ஒரு பகுதிப் படிவங்கள் வீடுகளுக்குப் போகாமல் நிரப்பப்பட்டவை, பொறுப்பு தன்னுடையது என்றாள்.

நடுவராக இருந்த பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உங்ககிட்ட முடிவுன்னு எதுவும் இல்லை?"

"இப்போதைக்கு இல்லைங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பரிசு துறைமுகச் சரக்கு பற்றிப் பேசிய ஒருவனுக்குப் போனது. திரும்பும் வழியில் கடல் தெரிந்தது. லம்ஜத் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விட்டுப்போன வீடுகளில் கேட்க இருவரும் மேல் தெருவுக்குப் போனார்கள். ஏழாவது வீட்டில் ஸஅதிய்யா என்ற பெண் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். போன மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று வஹீதா கேட்டாள்.

"ஒரு நாளும் இல்லைன்னு போட்டுக்கோம்மா."

"தண்ணிக்காகக்கூட லீவு போடலையா?"

"வேலை இருந்தாத்தானே லீவு? தண்ணி வண்டி எப்ப வரும்னு தெரியாம எவ தையல் ஆலைக்குப் போவா? ரெண்டு வருஷம் முன்னாடியே விட்டுட்டேன்."

வஹீதாவின் பேனா நின்றுவிட்டது. இதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. வேலையையே விட்டவர்களை அவள் கேள்வி, எதையும் இழக்காதவர்களாகக் கணக்கில் சேர்த்திருந்தது. ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

அன்று மாலைக்குள் அப்படிப் பதினொரு வீடுகள். தான் சரியாக நிரப்பிய படிவங்களும் தப்பு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மறுபடி நூத்திருபதுமா?" என்றான் லம்ஜத்.

"ஆமா. கேள்வியை மாத்தி."

முடிக்கக் கோடைவிடுமுறை முழுவதும் ஆனது. அடுத்த ஆண்டு மாநாட்டில் அந்தப் புதிய கட்டுரையை இருவர் பெயரிலும் வாசித்தாள்.