'போச்சு' என்று சொல்லக்கூடாத வகுப்பு

திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் கலையரசி கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறாள். பழைய கம்ப்யூட்டர்கள் ஆறு, மின்விசிறி ஒன்று. அங்கே ஒரே ஒரு சொல்லுக்குத் தடை: 'போச்சு'. கெட்ட வார்த்தையைக்கூட முறைத்துவிட்டு விட்டுவிடுவாள், இதை மட்டும் விடமாட்டாள்.

"எது போச்சு? எங்க போச்சு? பஸ் ஏறி செஞ்சிக்குப் போச்சா? நீ என்ன செஞ்ச, அது என்ன செஞ்சுது, அத மட்டும் சொல்லு."

நம் ஊரில் கம்ப்யூட்டர் நின்றால் ஓங்கி ஒரு தட்டு தட்டுவோம், இல்லாவிட்டால் ஆளைக் கூப்பிடுவோம். கலையரசியும் அப்படி இருந்தவள்தான். கூலி வேலைக்குப் போய்ப் பெற்றோர் படிக்கவைத்தார்கள். முதல் வேலையில், பிரிண்டர் ஓடவில்லையென்று அரைநாள் மென்பொருளை அழித்து அழித்து ஏற்றிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஆபீஸ் பெருக்க வந்த ஓர் அம்மாள் சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டார். இந்த மானக்கேட்டைப் புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள். அதற்கே அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

திங்கட்கிழமைகளில் முன்னதாகவே வந்து, ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் வேண்டுமென்றே கோளாறு செய்துவைப்பாள். படிக்கிறவர்களே அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவள் வாய் திறக்கமாட்டாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்கலாம், பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். நான்காவது கம்ப்யூட்டர் மட்டும் நிஜமாகவே மத்தியானங்களில் தானாக அணைந்தது. இரண்டு வாரம் எல்லோருமாகத் தேடினார்கள். கடைசியில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி, கீழே அவளே கையெழுத்துப் போட்டாள்.

"பதில் தெரிஞ்சிக்கினே சொல்ல மாட்றீங்களே மிஸ், பேஜாரா கீது" என்று அதிகம் அலுத்துக்கொண்டவள் தையல்நாயகி. பிரம்மதேசத்துக்காரி. வயது நாற்பத்திரண்டு, ஆசிரியையைவிடப் பத்து வயது மூத்தவள். நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையை விட்டால் வேறு வேலை அறியாதவள். விழுப்புரத்தில், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் ஒரு கடையில் அவளாகவே போய் வேலை கேட்டாள். விஜயதசமியன்று ஒருநாள் வந்து செய்து காட்டு, பிறகு பார்க்கலாம் என்றார் கடைக்காரர் மாரியப்பன்.

அன்று காலை, பெரியசாமி என்ற விவசாயியை வகுப்பில் சேர்த்துக்கொண்டிருந்தபோது கலையரசிக்குப் போன் வந்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மிஸ், மவுஸு நகரமாட்டேங்குது. வெளிய எட்டு பேரு நின்னுக்கினு இருக்காங்க. நேத்து பூஜ போட்ட வரைக்கும் நல்லா இருந்துது, நீ கை வெச்ச, போச்சுன்றாரு ஓனரு. ஆளக் கூப்புடப் போறாரு. என்ன வூட்டுக்குப் போன்னுடுவாரு மிஸ்."

தையல்நாயகிதான். உள்ளே ஒயர் அறுந்திருக்கும், வேறு மவுஸ் வாங்கச் சொல்லுங்கள் என்பது கலையரசியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த வேலை போய்விடக் கூடாதே என்று அவளுக்கும் பதைப்பாகத்தான் இருந்தது. ஆனால் தான் கண்ணால் பார்க்காத மவுஸ் அது. அடக்கிக்கொண்டாள்.

"அக்கா, எது வேல செய்யுது, எது செய்யலன்னு மொதல்ல பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ஒயரை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு பேச்சு துண்டுதுண்டாக வந்தது.

"கிளிக் ஆவுது. அம்பு மட்டும் நகரல... ஒயர வேற எடத்துல சொருவிட்டேன். அப்பவும் இல்ல... பக்கத்து சிஸ்டத்து மவுஸ இதுல சொருவுறேன், இருங்க... நகருது மிஸ்! அப்ப சிஸ்டம் நல்லாத்தான் இருக்குது."

நாற்காலி நகரும் சத்தம். அப்புறம் சிரிப்பு.

"ஆயுத பூஜைக்கி ஓனரு மவுஸுக்கும் சந்தனம் வெச்சிருக்காரு மிஸ். இது ஒண்ணுதான் புதுசாம். முதுகுல வெச்சா கையில ஒட்டும்னு, கவுத்துப் போட்டு வயித்துல வெச்சிருக்காரு. செவப்பு வெளிச்சம் வர்ற ஓட்ட அடச்சிக்கினு கீது."

சந்தனத்தைத் துடைக்கிற நேரம்தான் ஆயிற்று. பின்னாலிருந்து ஓர் ஆண்குரல், கொஞ்சம் சுரத்துக் குறைந்து, "நாளையிலேர்ந்து ஒம்போது மணிக்கெல்லாம் வந்துடும்மா. இப்ப அடுத்த ஆளக் கூப்புடு" என்றது.

"மிஸ், நீங்க என்னான்னு நெனச்சீங்க?"

"உள்ள ஒயரு அறுந்திருக்கும்னு நெனச்சேன்க்கா."

"தப்பு மிஸ்" என்று பட்டென்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் தையல்நாயகி. அவளுக்கு வேலை கிடந்தது.

பெரியசாமி திகைத்துப்போய்ப் பார்த்தார். "யாரும்மா அது? டீச்சரயே தப்புன்னுது!"

கலையரசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எங்கிட்ட படிச்சவங்கதாங்க" என்றாள்.